பதினான்கு ஃபைல்கள், இரண்டு வகைப் பூட்டு

ஆண்டறிக்கை தயாராகும் நேரத்தில் தில்லி அலுவலகங்களுக்குத் தலைவலி தருவது எழுத்து வேலை அல்ல, பாஸ்வேர்டு. எது நிஜமான பூட்டு, எது வெறும் அறிவிப்புப் பலகை என்று தெரியாததால் வரும் வினை.

மாலை ஆறரை மணி. ஜனவரி மாதப் பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடி வரை வந்துவிட்டது. மத்திய அமைச்சகம் ஒன்றின் ஒருங்கிணைப்புப் பிரிவில் மூன்று பேர் ஒரு ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் 14 ஃபைல்கள். ஆண்டறிக்கையின் 14 அத்தியாயங்கள். அவற்றை ஒன்றாக்கி மறுநாள் மதியத்துக்குள் இந்தி மொழிபெயர்ப்புக்கு அனுப்பியாக வேண்டும். பத்து ஃபைல்கள் சாதுவாகத் திறந்துகொண்டன. மூன்று திறக்கின்றன, ஆனால் ஒரு எழுத்தைக்கூடத் தொட விடவில்லை. ஒன்று திறக்கவே மறுக்கிறது. அதைப் பூட்டிய அதிகாரி பத்து நாள் முன்பு ஷில்லாங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய செல்போன் மணி அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை.

இது 2018ல் நடந்தது. ஆங்கில நடையைச் செப்பனிட ஒப்பந்த அடிப்படையில் அழைக்கப்பட்டவன் என்ற முறையில் அந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். திறக்காத அந்த ஒரு ஃபைல்தான் அன்றைக்குப் பெரிய ஆபத்து என்று எல்லோரும் நினைத்தோம். உண்மையான ஆபத்து, சமர்த்தாகத் திறந்த ஃபைல் ஒன்றில் இருந்தது. அது தெரிய மறுநாள் ஆகிவிட்டது.

ஒவ்வொரு அமைச்சகத்திலும் வருடாவருடம் நடக்கிற சடங்கு இது. பட்ஜெட் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வருவதற்குள் ஆண்டறிக்கை உறுப்பினர்கள் கைக்குப் போக வேண்டும். 2017ல் பட்ஜெட் தேதி பிப்ரவரி கடைசியிலிருந்து 1ஆம் தேதிக்கு முன்னால் வந்ததிலிருந்து அவகாசம் இன்னும் சுருங்கிவிட்டது. ஒருங்கிணைப்புப் பிரிவு எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பும். நினைவூட்டல் போகும். அதற்கும் மசியாதவர்களுக்கு இரண்டாம் நினைவூட்டல். கடைசி நாளில் எல்லா அத்தியாயங்களும் ஒன்றாக வந்து கொட்டும். நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் அறிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், பிரிவு 3(3). ஆக, ஒட்டும் வேலை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

பிரிவுகள் ஏன் பூட்டி அனுப்புகின்றன? அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற எண் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. அதை நடுவில் யாரோ தவறாகத் தட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பிரிவின் இயக்குநர். ஆகவே இணைச்செயலர் ஒப்புதல் வாங்கிய கையோடு ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டால் மனதுக்கு நிம்மதி. சிக்கல் அந்த நிம்மதியில்தான் ஆரம்பிக்கிறது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் பூட்டு இரண்டு வகை. இரண்டுக்கும் பாஸ்வேர்டு கேட்கும். இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள்.

முதல் வகை, திறப்பதற்கான பாஸ்வேர்டு. இதைப் போட்டால் வேர்ட் ஃபைலில் உள்ள எழுத்துகளையே குலைத்து, வேறொன்றாக மாற்றி வைக்கிறது. சாவி இல்லாதவனுக்கு உள்ளே இருப்பது குப்பை. இந்தப் பூட்டு எப்போதும் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. வேர்ட் 95 வரை இது கிட்டத்தட்ட விளையாட்டு. கொஞ்சம் விவரம் தெரிந்த கல்லூரி மாணவன் உடைத்துவிடுவான். வேர்ட் 97 முதல் 2003 வரை வழக்கமாகக் கிடைத்த பூட்டு 40 பிட் நீளச் சாவி கொண்டது. அதாவது சாத்தியமான சாவிகள் சுமார் 1.1 லட்சம் கோடி. கேட்கப் பெரிய எண். கம்ப்யூட்டருக்கு இது ஒன்றுமில்லை. பாஸ்வேர்டு எதுவென்று தெரியாமலேயே சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம். 2007ல் கதை மாறியது. புதிய டாக்ஸ் வகை ஃபைல்களுக்கு 128 பிட் ஏஇஎஸ் முறை வந்தது. சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம். போதாததற்கு, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை வேர்ட் 50,000 முறை அரைத்த பிறகுதான் சாவி உருவாகும். 2010 பதிப்பில் அது ஒரு லட்சம் முறை ஆனது. ஒவ்வொரு பாஸ்வேர்டையும் ஊகித்துப் பார்ப்பவனுக்கு ஒவ்வொரு தடவையும் இந்த லட்சம் சுற்று தண்டனை.

ஆக, இன்றைய வேர்டில் நல்ல பாஸ்வேர்டு போட்டுத் தொலைத்துவிட்டால் ஃபைல் போனது போனதுதான். மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. அன்று மாலை ஒருவர் ஃபைலைப் பென் டிரைவில் போட்டு நேரு பிளேஸில் எந்தக் கடையிலாவது கொடுத்துப் பார்க்கலாமே என்றார். பிரிவு அதிகாரி அவரைப் பார்த்த பார்வையிலேயே பேச்சு முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு இன்னும் போகாத அறிக்கையின் அத்தியாயத்தைக் கடைத்தெருவுக்கு அனுப்புவதா?

பொதுவாகக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று: நாம் போடும் பாஸ்வேர்டுகள் அவ்வளவு நல்லவை அல்ல. அலுவலகப் பாஸ்வேர்டு என்றால் பிரிவின் சுருக்கப் பெயர், பிறகு வருடம். இந்தியாவில் இது ஒரு பழக்கமாகவே ஊறிப்போயிருக்கிறது. டவுன்லோடு செய்யும் ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டே பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான். 39 இலக்கச் சாவியைத் தேடத் தேவையில்லை. ஆளைத் தெரிந்தால் போதும். நாங்களும் அன்று அந்த அத்தியாயத்துக்குப் பிரிவின் பெயர், வருடம், அதிகாரியின் பெயர், தலைகீழாக அவர் பெயர் என்று முப்பது நாற்பது தடவை தட்டிப் பார்த்தோம். திறக்கவில்லை.

இரண்டாவது வகை, திருத்தத்தைத் தடுக்கும் பாஸ்வேர்டு. இங்கே ஃபைல் திறக்கும், படிக்கலாம். தட்டினால் எழுத்து விழாது. கட்டங்களை மட்டும் நிரப்பலாம், அல்லது குறிப்பு மட்டும் எழுதலாம் என்றெல்லாம் வரையறுக்கலாம். பார்க்க முதல் வகையைப் போலவே கண்டிப்பாக இருக்கும். ஆனால் உள்ளே எதுவும் குலைக்கப்படவில்லை. டாக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் பல சிறு ஃபைல்களை அடைத்த ஒரு ஜிப் மூட்டை. அந்த மூட்டையில் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ஒரு ஃபைலில், இந்த ஆவணத்தைத் திருத்தாதே என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். 'புல்தரையில் நடக்காதீர்கள்' என்ற பலகைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கவனக்குறைவைத் தடுக்கும், எண்ணித் துணிந்தவனைத் தடுக்காது.

அந்தத் தடை ஆவணத்துக்கு உரியது, எழுத்துகளுக்கு உரியது அல்ல. ஒட்டுகிறவர்களுக்கு இதுதான் வரம், இதுவேதான் வினையும். ஒரு புதிய வெற்று ஆவணத்தைத் திறந்து, இன்செர்ட் மெனுவில் ஆப்ஜெக்ட் என்பதற்குக் கீழே ஃபைலிலிருந்து எழுத்தைச் சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, தடை போட்ட ஃபைலைக் காட்டினால் போதும். பழைய வேர்டில் இன்செர்ட், ஃபைல் என்று நேராகவே இருந்தது. முழு அத்தியாயமும் வந்து விழும். தடை வராது. பாஸ்வேர்டும் கேட்காது. தொட விடாத எங்கள் மூன்று அத்தியாயங்களும் இப்படி இரண்டு நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டன. அறையில் ஒரு சின்னக் கைதட்டல்.

யோசித்துப் பார்த்தால் கைதட்ட வேண்டிய விஷயம் அல்ல. எங்களுக்கு இவ்வளவு சுலபம் என்றால், எங்களுக்கு முன்னால் கை வைத்தவருக்கும் அவ்வளவே சுலபமாக இருந்திருக்கும்.

டிஜிட்டல் கையெழுத்துக்கும் இதே கதிதான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்குச் சட்ட மதிப்பு கொடுத்திருக்கிறது. கையெழுத்திட்ட ஃபைலில் ஒரு கமா மாறினாலும் கையெழுத்து செல்லாது என்று வேர்ட் சொல்லிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அத்தியாயத்தைப் பெரிய ஆவணத்தில் சேர்த்த கணத்தில் கையெழுத்து பழைய ஃபைலோடு தங்கிவிடுகிறது. பெரிய ஆவணத்தில் இருப்பது வெறும் எழுத்து.

ஃபைல்களை உள்ளே கொண்டுவருவது பாதி வேலைதான். மீதி, வந்தவற்றை ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்கார வைப்பது. வேர்டில் ஒரு பகுதியின் ஓரம், தலைப்பட்டை, பக்க எண் எல்லாம் அந்தப் பகுதியின் கடைசியில் உள்ள பிரிப்பில் சேமிக்கப்பட்டிருக்கும். பிரிப்பு போடாமல் அத்தியாயங்களை வரிசையாகக் கொட்டினால் தலைப்பட்டைகள் தொலைந்துபோகும், அல்லது மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு பதினான்கு வரை தொடரும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் புதுப் பக்கத்தில் தொடங்கும் பகுதிப் பிரிப்பைப் போட்டுவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். தலைப்பட்டையில் முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பையும் துண்டிக்க வேண்டும். அகலமான அட்டவணைக்காகப் பக்கத்தைக் குறுக்கே திருப்பியிருக்கும் அத்தியாயங்களில் இதை மறந்தால், அடுத்த அத்தியாயமும் குறுக்கே படுத்துக்கொள்ளும்.

அடுத்தது ஸ்டைல். இரண்டு ஃபைலிலும் ஒரே பெயரில் ஸ்டைல் இருந்தால், வரவேற்கும் ஆவணத்தின் ஸ்டைலே ஜெயிக்கும். வருகிறவர் தன் வீட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு இந்த வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். பொதுவாக இது நன்மைதான். பதினான்கு பிரிவுகளின் பதினான்கு ரசனைகளும் ஒரே அச்சுக்கு வரும். ஆனால் வரி நீளம் மாறுவதால் அட்டவணைகள் பக்கம் தாண்டும். எல்லாம் முடிந்த பிறகு முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்9 பொத்தானைத் தட்டி அட்டவணை எண்களையும் பொருளடக்கத்தையும் புதுப்பிக்காவிட்டால், 'அட்டவணை 1' என்ற பெயரில் பல அட்டவணைகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கென்றே வேர்டில் 'மாஸ்டர் டாகுமெண்ட்' என்று ஒரு வசதி உண்டே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சிறு ஃபைல்களைத் தனித்தனியாகவே வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஃபைலில் அவற்றைக் கோத்துக் காட்டும் ஏற்பாடு. கேட்க அழகு. ஆனால் கெட்டுப்போவதில் அதற்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. வேர்டைக் கரைத்துக் குடித்தவர்களே அதைத் தொடாதீர்கள் என்று வருடக்கணக்காக எச்சரித்து வந்திருக்கிறார்கள். என் அபிப்பிராயமும் அதுதான். இன்றைய கம்ப்யூட்டருக்கு நீளமான ஃபைல் பாரமே இல்லை. வேர்டின் வரம்பு எழுத்து மட்டும் 32 எம்பி, படங்களோடு 512 எம்பி. எந்த அமைச்சகமும் அவ்வளவு எழுதியதில்லை. படங்கள்தான் எல்லை வரை போகும், அதிலும் ரிப்பன் வெட்டும் படங்கள்.

படிவங்களைத் தொகுப்பவர்களுக்கு வேறொரு பொறி. மாநிலங்களுக்கு ஒரே படிவத்தை அனுப்பி, நிரப்பி வந்த முப்பது ஃபைல்களை ஒன்றாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிப் படிவங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் உண்டு. ஒரு ஆவணத்தில் ஒரு பெயர் ஒரு தடவைதான் இருக்கலாம். முதல் மாநிலத்தின் கட்டங்கள் பெயரோடு இருக்கும். மற்றவை பெயரிழந்து நிற்கும். அந்தப் பெயரை நம்பிக் கூட்டல் போடும் சூத்திரம் முதல் மாநிலத்தின் எண்ணையே எடுத்துக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது, சேர்த்து முடித்த பிறகு மேக்ரோ மூலம் மறுபடி படிவப் பூட்டைப் போடுவது. கட்டங்களைப் பழைய நிலைக்குத் திருப்பாதே என்று தனியாகச் சொல்லாவிட்டால், நிரப்பிய தகவல் எல்லாம் அழிந்து கட்டங்கள் வெறுமையாகிவிடும். பூட்டுப் போட்டதால் திருட்டுப் போன கதை.

எங்கள் அறிக்கைக்குப் படிவத் தொல்லை இல்லை. ஆனால் இந்தி இருந்தது. மறு வாரம் இந்தி அத்தியாயங்கள் திரும்பி வந்தபோது, பாதி யூனிகோடில் இருந்தன, பாதி கிருதி தேவ் எழுத்துருவில். பழைய டைப்ரைட்டர் விரல்களுக்குப் பழகிய எழுத்துரு அது. வட இந்திய அலுவலகங்களில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதில் இந்தி எழுத்தே கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மேலே இந்தி முகமூடி. கிருதி தேவில் 'பாரத்' என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது ஹெச், கே, கே, ஜே, ஆர். சேர்க்கும்போது வரவேற்கும் ஆவணத்தின் ஸ்டைல் ஜெயித்ததும் முகமூடி கழன்றது. நாற்பது பக்கத்துக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றும் கன்வர்ட்டர்கள் உண்டு. ஆனால் நடுநடுவே நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கன்வர்ட்டர் அவற்றையும் இந்தி என்று நினைத்து மென்றுவிடும். பாமினியிலிருந்தும் தாப் எழுத்துருவிலிருந்தும் யூனிகோடுக்கு வந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. அத்தியாயம் பூட்டியிருந்தால் இன்னும் கஷ்டம். முதலில் பூட்டைத் திறந்து, எழுத்துருவை மாற்றிச் சரிபார்த்து, பிறகுதான் சேர்க்க முடியும்.

இனி அந்த ஆபத்துக்கு வருகிறேன். ஆங்கில அறிக்கையின் திறக்காத அத்தியாயத்தை விட்டுவிட்டு மீதிப் பதின்மூன்றையும் இரவு ஒன்பதரைக்குள் ஒன்றாக்கிவிட்டோம். திறக்காததற்கும் வழி கிடைத்தது. கோப்பில் அந்த அத்தியாயத்தின் அச்சுப் பிரதி, இணைச்செயலர் கையெழுத்தோடு, 22 பக்கம் இருந்தது. காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து அதைப் புதிதாக அடிக்கத் தொடங்கினார்கள். நான் சேர்ந்த ஆவணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தடை போட்டு வந்த மூன்று அத்தியாயங்களில் ஒன்றில், மாநிலவாரிப் பயனாளிகள் பட்டியலின் கூட்டுத்தொகை உதைத்தது. 63 அதிகம். கணக்கு வாத்தியார்கள் சொல்லித் தந்த பழைய சங்கதி: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். கோப்பில் இருந்த கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு மாநிலத்துக்கு 418. பூட்டிய ஃபைலில் 481.

கையெழுத்தான பிறகு யாரோ அந்த எண்ணை மறுபடி அடித்திருக்கிறார். அதற்குப் பிறகு பூட்டும் போடப்பட்டிருக்கிறது, அல்லது பூட்டைத் திறந்து அடித்துவிட்டு மறுபடி பூட்டியிருக்கிறார். அந்தப் பிரிவில் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். கடைசியாகச் சேமித்தவர் யார் என்று ஃபைலின் பண்புகளில் பார்த்தால் 'யூசர்' என்று இருந்தது. அந்த மாடியில் பாதிக் கம்ப்யூட்டர்களின் பெயர் அதுதான். வேண்டுமென்று செய்தது என்று நான் நினைக்கவில்லை, விரல் சறுக்கல்தான். கூட்டுத்தொகை மட்டும் பழையபடியே இருந்ததால் மாட்டிக்கொண்டது. கூட்டுத்தொகையையும் சரிசெய்திருந்தால் 481 அச்சேறியிருக்கும். பூட்டியிருந்த காரணத்தாலேயே அந்த அத்தியாயத்தை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பூட்டாமல் வந்த பத்தையும் முந்தின நாளே ஒப்பிட்டிருந்தார்கள்.

அதன் பிறகு பிரிவு அதிகாரி ஒரு காரியம் செய்தார். சேர்ந்த ஆவணத்தில் மாற்றங்களைக் குறிக்கும் வசதியைப் போட்டு, அதை அணைக்க முடியாதபடி ஒரு பாஸ்வேர்டும் வைத்தார். அதுவும் பலகைதான், ஆனாலும் எழுத விடும் பலகை: இனி யார் எதைத் தொட்டாலும் நிறம் மாறித் தெரியும். அத்தியாயங்களைச் சேர்த்து முடித்த பிறகுதான் இதைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் முழு அறிக்கையும் ஒரே மாற்றமாகச் சிவந்து நிற்கும். பிறகு சேர்ந்த ஆவணத்திலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் அச்சிட்டு, அட்டவணைப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் கையெழுத்துக் கேட்டு அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பினார். பிரிவுகள் முணுமுணுத்தன. பூட்டித்தானே அனுப்பினோம் என்று ஒரு இயக்குநர் போனில் கேட்டார். 481 பக்கத்தைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். மாலைக்குள் 418 என்று திருத்தி, சுருக்கொப்பமிட்டு வந்தது.

ஷில்லாங் அதிகாரி மறுநாள் பதினொன்றரை மணிக்கு அவராகவே கூப்பிட்டார். பாஸ்வேர்டு, பிரிவின் சுருக்கப் பெயரும் வருடமும்தான். முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. அதற்குள் 22 பக்கத்தில் 15 பக்கம் அடித்தாகிவிட்டிருந்தது.